பெங்களூருவில் இருந்துகொண்டு ‘தி மூன்ஸ்டோன்’ படிப்பது எப்படி: இ-ரீடர் வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விக்டோரியா காலத்து ஆங்கில மர்ம நாவல் ஒன்றை இ-ரீடரில் படிக்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று பெங்களூருத் தமிழர் யார் கேட்டாலும் நான் சொல்லும் பெயர் ஒன்றுதான். வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’. 1868இல் வந்தது. நாவலின் பெரும்பகுதி யார்க்‌ஷயரிலும் லண்டனிலும் நடந்தாலும், கதை தொடங்குவது நம் மைசூர் ரோட்டில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில். 1799 மே 4, திப்பு சுல்தானின் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்த நாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாவலை ஒரே மூச்சில் படித்து முடிக்கட்டும் என்று யாரும் எழுதவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ என்ற வார இதழில் 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 32 வாரம் ஓடிய தொடர்கதை இது. வாரக் கடைசியில் வீட்டுக்குள் வரும் பத்திரிகைக்குச் சண்டை போட்டு வளர்ந்த நமக்கு இதைப் படிக்கும் முறையைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கொஞ்சம் படிப்பது, நிறுத்துவது, யார் செய்திருப்பார் என்று வீட்டில் வாக்குவாதம் செய்வது. இதற்கு இ-ரீடர் நன்றாகவே ஒத்துழைக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் சில வசதிகள் குற்றவாளியின் பெயரை முன்கூட்டியே சொல்லிக் கெடுத்துவிடும். அவற்றை அணைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

எந்தப் பதிப்பு

காலின்ஸ் இறந்தது 1889இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் காப்புரிமை முடிந்துவிடும். அதனால் இலவசமாக இறக்கிக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை. இரண்டு இடங்கள் போதும். ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் இது 155ஆம் எண் புத்தகம். ஸ்டாண்டர்ட் இபுக்ஸ் தளத்தில் இதே உரையைத் திருத்தி, பத்தி, மேற்கோள் குறி எல்லாம் ஒழுங்காக வைத்து, நல்ல அட்டையோடு தருகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நீளமான கடிதங்களும் வாக்குமூலங்களும் நிறைந்த நாவலில், பத்தி சரியாக விழுந்தால் கண்ணுக்குப் பெரிய நிம்மதி.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முழு நாவல் சுமார் 2 லட்சம் சொற்கள், அச்சில் 400 பக்கத்துக்குக் குறையாது. 150 பக்கம் என்று போட்டிருந்தால் அது சுருக்கம். சொல்லாமலே சுருக்கி விற்பவர்களும் உண்டு. அடுத்து, பேராசிரியர் எழுதிய முன்னுரையோடு வரும் நல்ல பதிப்புகள். அந்த முன்னுரைகள் அருமையானவை, ஆனால் கதையை ஏற்கெனவே படித்தவருக்காக எழுதப்பட்டவை. மூன்றாம் பக்கத்திலேயே யார், எப்படி, ஏன் எல்லாம் வந்துவிடும். வாங்குங்கள், முன்னுரையைத் தாண்டிப் போங்கள், கடைசியில் திரும்பி வந்து படியுங்கள்.

கருவியில் ஏற்றுவது

கோபோ இ-ரீடர் வைத்திருப்பவர்களுக்குச் சுலபம். இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பை யுஎஸ்பி வழியாக நகலெடுத்துப் போட்டால் முடிந்தது. ஸ்டாண்டர்ட் இபுக்ஸில் கோபோவுக்கென்று கெபப் வடிவமும் தனியாக இருக்கிறது. அது இன்னும் வேகமாகப் பக்கம் புரளும்.

அமேசானின் கிண்டிலுக்கு இரண்டு வழி. முதல் வழி ‘சென்ட் டு கிண்டில்’. இணையப் பக்கத்தில் உங்கள் அமேசான் கணக்கோடு நுழைந்து இபப் கோப்பை இழுத்துப் போடலாம். அல்லது உங்கள் கிண்டிலுக்கென்று உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு இணைப்பாக அனுப்பலாம். மின்னஞ்சலில் அனுப்பினால், அனுப்பும் முகவரியை உங்கள் கணக்கின் அனுமதிப் பட்டியலில் முதலில் சேர்த்திருக்க வேண்டும். ‘அனுப்பினேன், வரவே இல்லை’ என்பவர்களில் பலர் விடுவது இந்த ஒரு படிதான். இப்படி ஏற்றினால் நீங்கள் போடும் கோடும் குறிப்பும் போனில் இருக்கும் கிண்டில் செயலியிலும் தெரியும்.

இரண்டாவது வழி யுஎஸ்பி. இதில் கவனம். இபப் கோப்பைக் கிண்டிலுக்குள் அப்படியே நகலெடுத்துப் போட்டால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. கிண்டிலுக்கான ஏஇசட்டபிள்யூ3 (AZW3) வடிவத்தை இறக்கி ‘டாக்குமென்ட்ஸ்’ உறையில் போட வேண்டும். காலிபர் என்ற இலவச மென்பொருள் இருந்தால் வடிவத்தை அதிலேயே மாற்றிக்கொள்ளலாம். எதற்கு வம்பு என்றால் முதல் வழியிலேயே போங்கள்.

அணைக்க வேண்டியவை

படிக்க ஆரம்பிக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்துவிடுங்கள்.

முதலில் அகராதி. கருவியில் ஆங்கில அகராதி இறங்கியிருக்கிறதா என்று ஒரு சொல்லை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். இல்லையென்றால் இணையம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். அதன் பிறகு ஏரோப்ளேன் மோடுக்குப் போய்விடலாம். பேட்டரி கூடுதல் நாள் வரும் என்பது இருக்கட்டும், நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஒரு பாத்திரத்தின் பெயரை அழுத்திப் பிடித்தால் அகராதிக்குப் பக்கத்திலேயே விக்கிபீடியா திறக்கும். அங்கே முதல் பத்தியிலேயே கதை முடிந்துவிடும். கடையில் வாங்கிய கிண்டில் பதிப்பாக இருந்தால் எக்ஸ்-ரே என்ற வசதியும் இருக்கலாம். பாத்திரங்களைப் பற்றிய விவரங்களை அது எடுத்துக் கொடுக்கும். தொடவே தொடாதீர்கள். மற்ற வாசகர்கள் அதிகம் கோடிட்ட வரிகளைக் காட்டும் வசதியையும் அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். எந்த வரியில் நூறு பேர் கோடு போட்டிருக்கிறார்கள் என்று தெரிவதே ஒரு துப்புதான்.

அடுத்தது சதவீதம். மர்ம நாவலில் இது ஒரு துரோகி. கதையில் ஒருவர் ‘இவர்தான் செய்தது’ என்று விரல் நீட்டுகிறார், உங்களுக்கும் தூக்கிவாரிப்போடுகிறது. அந்த நேரம் பார்த்துத் திரையின் அடியில் 38 சதவீதம் என்று இருந்தால், சரி, இவர் இல்லை என்று மனம் சொல்லிவிடுகிறது. பத்திரிகையில் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. கிண்டிலில் எழுத்தமைப்புப் பட்டியலைத் திறந்து வாசிப்பு முன்னேற்றம் என்ற இடத்தில் எதுவும் காட்டாதே என்று வைக்கலாம். கோபோவிலும் பக்கத்தின் மேல், கீழ்ப் பட்டைகளை மறைக்க வழி உண்டு.

கடைசியாகப் பொருளடக்கம். இந்த நாவலில் அதைத் திறக்கவே வேண்டாம். பகுதித் தலைப்புகளில் ஒன்று விஷயத்தைப் போட்டு உடைக்கிறது. யார் யாரெல்லாம் கதை சொல்ல வரப்போகிறார்கள் என்பதும் அங்கே வரிசையாக இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் விட்ட பக்கத்தில்தான் நிற்கும், அது போதும்.

எழுத்தின் அளவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் தமிழுக்கு வைக்கும் அளவைவிட ஒரு படி குறைவாக வையுங்கள். காலின்ஸின் வாக்கியங்கள் நீளமானவை, ஒரு வாக்கியம் ஒரே திரைக்குள் அடங்கினால் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது.

முன்கதை: மெதுவாகப் படிக்க வேண்டிய இடம்

நாவலுக்கு முன் ஒரு சின்ன முன்கதை இருக்கிறது. ஒயிட்ஃபீல்டில் மெட்ரோ ஏறினால் இந்திராநகர் வருவதற்குள் முடிந்துவிடும். பலர் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் தாண்டாதீர்கள், இது நம் ஊர்ப் பக்கத்துக் கதை.

மஞ்சள் வைரம் ஒன்று. குஜராத்தின் சோமநாதர் கோயிலில் இருந்த சந்திர தெய்வத்தின் நெற்றியில் பதித்திருந்தது என்கிறார் காலின்ஸ். (சோமநாதர் நமக்குச் சிவன். அங்கே மூலவராகச் சந்திரனையே வைத்தது காலின்ஸின் கற்பனை.) கஜினி முகமதுவிடமிருந்து தப்பிக் காசிக்குப் போகிறது, ஔரங்கசீப் காலத்தில் கொள்ளை போகிறது, கை மாறிக் கை மாறித் திப்பு சுல்தானின் குத்துவாளின் பிடியில் வந்து உட்காருகிறது. தலைமுறை தலைமுறையாக மூன்று பிராமணர்கள் மாறுவேடத்தில் அதைப் பின்தொடர்கிறார்கள். கோட்டை விழும் அன்று ஹெர்ன்காஸில் என்ற ஆங்கில அதிகாரி அந்த வைரத்தை அபகரிக்கிறான்.

கல் கற்பனைதான். ஆனால் காலின்ஸ் தன் முன்னுரையிலேயே, ரஷ்ய மன்னரின் செங்கோலில் இருந்த வைரமும் கோஹினூரும்தான் தனக்குத் தூண்டுதல் என்று எழுதியிருக்கிறார். போர் நிஜம். முன்கதையில் கொள்ளையடிப்பவனைத் தூக்கிலிடுவேன் என்று தண்டோரா போடும் ஜெனரல் பேர்டும் நிஜம். அவர் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கினார்களே, அங்கே பிடிபட்டவர்களில் இளம் டேவிட் பேர்டும் ஒருவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நான்கு வருடம் போலச் சிறையில் கிடந்தார். 1799இல் அதே ஊர்க் கோட்டையின் மீது பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். நாவலில் இந்தப் பழைய கணக்கு எதுவும் வராது. ஆனால் தெரிந்துகொண்டு படித்தால் அந்த நான்கைந்து பக்கத்துக்கு வேறு கனம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர முடிந்தால் போய்வாருங்கள். பெங்களூருவிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர், மைசூர் போகும் ரயில்களில் சில அங்கே நிற்கும். வாட்டர் கேட், திப்பு விழுந்த இடம் என்று அடையாளம் வைத்திருக்கும் கல், கர்னல் பெய்லி நிலவறை, சற்றுத் தள்ளித் தரியா தௌலத் மாளிகை. அந்த மாளிகைச் சுவரில் பொள்ளிலூர் போர் முழுவதும் ஓவியமாக இருக்கிறது. கூட வரும் வீட்டாருக்கு நாவலில் ஆர்வம் இல்லையென்றாலும் கவலையில்லை, ஆதிரங்கன் என்று சொல்லப்படும் ரங்கநாதர் அங்கேதான் பள்ளிகொண்டிருக்கிறார். சேவித்த புண்ணியமாவது மிஞ்சும்.

இந்தியர்களை நாவல் எப்படிக் காட்டுகிறது என்ற கேள்வி கட்டாயம் எழும். அந்தக் காலத்து ஆங்கிலேயனின் கண்தான், மாந்திரீகம், மர்மம் எல்லாம் உண்டு. சில இடங்களில் முகம் சுளிக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் 1857 முடிந்து பதினோரே வருடத்தில், முதல் திருடன் ஆங்கில அதிகாரிதான் என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்த துணிச்சலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து அத்தியாயம்: இங்கே விட்டுவிடாதீர்கள்

முன்கதை முடிந்ததும் 1848க்குத் தாவுகிறோம். யார்க்‌ஷயரில் வெரிண்டர் சீமாட்டியின் வீடு. ஜூன் 21, மகள் ரேச்சலுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். பரிசாக 20,000 பவுண்டு பெறுமானமுள்ள அந்த வைரம் வருகிறது. மறுநாள் காலையில் காணோம்.

சொல்ல இவ்வளவுதான். ஆனால் வைரம் காணாமல் போவது 11ஆம் அத்தியாயத்தில். அதுவரை காப்ரியேல் பெட்டரெட்ஜ் என்ற வயதான வீட்டுக் காரியஸ்தர் பேசிக்கொண்டே இருக்கிறார். தன் கல்யாணக் கதை, தான் எப்போதும் கையில் வைத்திருக்கும் ‘ராபின்சன் க்ரூசோ’, கடற்கரைப் புதைமணல், வேலைக்காரப் பெண்களின் சச்சரவு. விஷயத்துக்கு வருகிறேன் என்பார், வரமாட்டார். இந்த நாவலைப் பாதியில் கைவிட்டவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கைவிட்டிருக்கிறார்கள். அவரைக் குடும்பத்தோடு நாற்பது வருடம் இருந்த ஒரு பெரியவர் என்று நினைத்து, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்துப் பாருங்கள், சிரிப்பு வந்துவிடும். அதோடு, அவர் வளவளவென்று சொல்வதில் பாதி பின்னால் வேலைக்கு வரும்.

10ஆம் அத்தியாயம் பிறந்தநாள் விருந்து. அதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். யார் யார் வந்தார்கள், யார் யாரிடம் என்ன பேசினார்கள், யாருக்கு யார்மேல் கடுப்பு. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

குறிப்பு எடுக்கும் முறை

காலின்ஸ் சட்டம் படித்தவர். 1851இல் வழக்கறிஞராகப் பதிவும் ஆனார், தொழில்தான் செய்யவில்லை. அந்தப் படிப்பு இந்த நாவலின் கட்டுமானத்தில் தெரிகிறது. ஒவ்வொருவரும் வந்து தன் பங்கைச் சொல்கிறார்கள். தன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியதைத் தாண்டி எதுவும் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. நீங்கள் நீதிபதி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதனால் கோடு போடும்போது அழகான வரி என்று போடாதீர்கள். மூன்று வகையாகப் பிரியுங்கள்: நேரில் பார்த்தது, இன்னொருவர் சொல்லிக் கேட்டது, சொல்பவரின் ஊகம். கறுப்பு வெள்ளைத் திரையில் வண்ணக் கோடு கிடையாது, அந்தத் தட்டச்சுப் பலகையில் நீளமாக எழுதவும் முடியாது. கோட்டோடு ஒரே ஒரு எழுத்தைக் குறிப்பாகச் சேர்த்தால் போதும்: பா, கே, ஊ என்பதற்கு ஒத்த ஏதாவது மூன்று எழுத்து. விரிவாக எழுத ஆசையென்றால் ஒரு சின்ன நோட்டை உறையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுக்குப் பெட்டரெட்ஜையே பாருங்கள். சம்பவம் நடந்தது 1848இல், அவர் எழுத உட்காருவது 1850இல். தேதிகளுக்கு மகள் பெனலபியின் டைரியை நம்புகிறார். ஆக, அவர் சொல்லும் நாள் கிழமை பெனலபி எழுதிவைத்தது. அவருடைய பாசம் அவர் சொந்தம். ரேச்சலைப் பற்றி அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் தூக்கி வளர்த்தவரின் வார்த்தை. அதை எந்த வகையில் சேர்ப்பீர்கள் என்று யோசித்தாலே வாசிப்பு மாறிவிடும்.

12ஆம் அத்தியாயத்தில் லண்டனிலிருந்து சார்ஜென்ட் கஃப் வருகிறார். மெலிந்த உடம்பு, ரோஜாச் செடி என்றால் உயிர், தோட்டக்காரரோடு புல் பாதையா கல் பாதையா என்று வாக்குவாதம். கதவில் புதிதாக அடித்த வண்ணப்பூச்சில் ஒரு சின்னத் தீற்றல். உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி அலட்சியமாக விட்டதை அவர் பிடித்துக்கொள்கிறார். இங்கிருந்து ஒரு நேரப் பட்டியல் போடுங்கள். கதவு எப்போது வரை ஈரம், யார் எப்போது அந்த வழியாகப் போனார். மற்ற எல்லாக் குறிப்பையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

வாரக் கணக்கு

32 வாரம் இழுப்பது இன்று நடக்கிற காரியமில்லை. எட்டு வாரம் நன்றாக வருகிறது, வாரம் மூன்று மணி நேரம் போதும். ஆபீஸ் கேப்பில் சில்க் போர்டு நெரிசலில் நிற்பவர்களுக்கு இரண்டே நாளில் அந்த மூன்று மணி நேரம் கிடைத்துவிடும், வருத்தமான உண்மை.

முதல் வாரம் முன்கதையும் பெட்டரெட்ஜின் முதல் 7 அத்தியாயங்களும். இரண்டாம் வாரம் 15 வரை. மூன்றாம் வாரம் 23 வரை, அதோடு அவர் பங்கு முடிகிறது. நான்காம் வாரம் மிஸ் கிளாக்கின் 8 அத்தியாயங்கள். ஐந்தாம் வாரம் வழக்கறிஞர் பிரஃபின் 3 அத்தியாயங்களும் அடுத்து வரும், ரேச்சலின் உறவினர் பிராங்க்ளின் பிளேக் சொல்லும் பகுதியில் முதல் நான்கும். ஆறாம் வாரம் பிளேக்கின் மிச்ச ஆறு. ஏழாம் வாரம் நாட்குறிப்பு வடிவில் ஒரு பகுதி, நாவலின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பேன். எட்டாம் வாரம் மற்ற எல்லாம்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. அடுக்ககத்தில் இருக்கும் நண்பர்களோ, ஊரில் இருக்கும் அக்காவோ, யாராக இருந்தாலும் சரி. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரே ஒரு விதி: அந்த வாரத்துப் பகுதியைத் தாண்டி யாரும் வாய் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் தன் சந்தேக நபரின் பெயரைப் போட வேண்டும், மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் முடியும்போது அந்தக் குழுவில் நடக்கும் சண்டைக்காகவே இதைச் செய்யலாம்.

மிஸ் கிளாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழை உறவுக்காரப் பெண், மகா பக்தை. போகிற வீட்டிலெல்லாம் மதப் பிரசுரங்களைச் சோபாவுக்கு அடியிலும் பூந்தொட்டிக்குள்ளும் ஒளித்துவைத்துவிட்டு வருவார். பிறரைப் பற்றி நல்லதே பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே எல்லோரையும் கிழிப்பார். கதை நகரவில்லை என்று இவரைத் தாண்டிப்போகிறவர்கள் உண்டு. அது நஷ்டம். நாவலிலேயே அதிகம் சிரிக்கவைக்கும் பகுதி இதுதான், அதற்கு நடுவில் கேட்கக் கூடாததைக் கேட்கும் ஒரு காட்சியும் வருகிறது.

முடித்த பிறகு

இப்போது ஏரோப்ளேன் மோடை எடுத்துவிடலாம். ஆனால் உடனே விக்கிபீடியாவுக்கு ஓடாதீர்கள். காகிதப் புத்தகத்தில் செய்ய முடியாத ஒன்றை இ-ரீடர் செய்துதரும்: தேடல். குற்றவாளியின் பெயரைத் தேடல் பெட்டியில் அடித்து, முதலிலிருந்து ஒவ்வொரு இடமாகப் போய்ப் பாருங்கள். பிறகு 10, 11ஆம் அத்தியாயங்களை மறுபடி. விடை கண்ணெதிரிலேயே இருந்திருக்கும், அதுவும் நீங்கள் கோடு போடாத வரியில். உங்கள் மூன்று வகைக் குறிப்புகளையும் வரிசையாகத் திறந்து, எதை ‘பார்த்தது’ என்று சேர்த்து ஏமாந்தீர்கள் என்று பாருங்கள்.

அடுத்து அந்தக் காலத்து நிஜ வழக்கு ஒன்றைத் தேடிப் படிக்கலாம். 1860இல் இங்கிலாந்தில் ரோட் ஹில் ஹவுஸ் என்ற வீட்டில் ஒரு குழந்தை கொல்லப்பட்டது. ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜோனதன் விச்சர் என்ற துப்பறிவாளர் வந்தார், வீட்டுக்குள்ளேயே ஒருவரைச் சந்தேகித்தார், பத்திரிகைகள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கின. ஐந்து வருடம் கழித்துக் குற்றவாளி தானே ஒப்புக்கொண்டபோது அவர் சொன்னது சரி என்று ஆயிற்று. சார்ஜென்ட் கஃப்பை எழுதும்போது காலின்ஸ் மனதில் விச்சர் இருந்திருக்கிறார். முதலிலேயே இதைப் படித்தால் நாவலில் ஒரு தேடலின் சுவை குறைந்துவிடும், அதனால்தான் இங்கே வைத்தேன்.

காலின்ஸ் பிடித்துப்போனால் அடுத்தது ‘தி வுமன் இன் ஒயிட்’. 1859–60இல் அதே வார இதழில் தொடராக வந்தது, குட்டன்பெர்க்கில் எண் 583. அதிலும் சாட்சிகள் மாறி மாறிப் பேசுகிறார்கள், ஆக அதே மூன்று எழுத்துக் குறிப்பு முறை பொருந்தும். பொருளடக்கத்தை அங்கேயும் திறக்காதீர்கள்.